டிரக்கும் கேம்பரும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிக்கும் வழி

புதுச் சாமான் ஒன்றை மாட்டிய பிறகுதான் தொல்லை தொடங்கும். ஹிட்சை (கேம்பரை டிரக்கோடு பிணைக்கும் அமைப்பை) மாற்றியிருப்போம், பிரேக் கன்ட்ரோலர் (கேம்பரின் மின்சார பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் கருவி) போட்டிருப்போம், பின்விளக்குகளை எல்இடி ஆக்கியிருப்போம். அடுத்த முறை நெடுஞ்சாலையில் ஏறியதும் ஏதோ ஒன்று மக்கர் பண்ணும். உடனே பழி புதுச் சாமான் மேல் விழும். பல நேரம் அது ஒரு பாவமும் அறியாது. கையை உள்ளே விட்டபோது அசைந்த பழைய கம்பிதான் காரணமாக இருக்கும்.

இங்கே எழுதுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் டிரக்கின் பின்னால் கேம்பர், அதாவது சக்கரம் வைத்த பயண வீடு, இழுப்பவர்களுக்கு. ஃபோர்ட் எஃப்-150 போன்ற அரை டன் டிரக் (அது ரகத்தின் பெயர்தான், எடையல்ல), 5,000 முதல் 7,000 பவுண்டு வரை எடையுள்ள டிராவல் டிரெய்லர், இரண்டு அச்சு, நான்கு சக்கரத்திலும் மின்சார டிரம் பிரேக், ஏழு முனைப் பிளக். நம்மவர்கள் அதிகம் வாங்குவது இந்த ஜோடியைத்தான். டிரக்கின் சரக்குப் பகுதிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் வேறு கதை, அதைத் தொடவில்லை.

எந்தக் கோளாறானாலும் முதல் கேள்வி ஒன்றே: டிரக் பக்கமா, கேம்பர் பக்கமா? இரண்டும் ஒன்றையொன்று தொடுவது ஹிட்சிலும் பிளக்கிலும் மட்டும்தான். அந்த இடத்தில் பிரித்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதித்தால் பாதி வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் கடைக்கு ஓடி உதிரிபாகம் வாங்குவது வீண் செலவு.

தேவையான கருவிகள் அதிகமில்லை: மல்டிமீட்டர், பல்பு வைத்த 12 வோல்ட் டெஸ்ட் லைட், நேர்மின்சாரம் அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர், டேப், டார்க் ரெஞ்ச், சக்கரத்துக்குக் கொடுக்கக் கட்டைகள். கேம்பரின் அடியில் போகும் முன் இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியைச் சட்டத்துக்குத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். அச்சுக் குழாயில் வைத்துத் தூக்கினால் அது வளையும், பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகச் சிமிட்டுகிறது

இது கிட்டத்தட்ட எப்போதும் கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழியின் கோளாறு. பிளக்கின் வெள்ளைக் கம்பி வழியே திரும்ப வேண்டிய கரண்டுக்கு வழி அடைபட்டால், அது மற்ற பல்புகளின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும். அதனால்தான் இடது இண்டிகேட்டருக்கு வலது விளக்கும் சேர்ந்து முனகுகிறது.

சோதனை சுலபம். நீளமான கம்பி ஒன்றை எடுத்து ஒரு முனையை டிரக்கின் சட்டத்திலும் மறு முனையைக் கேம்பரின் சட்டத்திலும் பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்துப் பிடியுங்கள். விளக்கு சட்டென்று சரியானால், பிளக்கின் வெள்ளைக் கம்பியோ அது சட்டத்தில் திருகப்பட்ட இடமோ துருப்பிடித்திருக்கிறது. திருகைக் கழற்றி உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, புது லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்கினால் போதும். ஒரே ஒரு விளக்கு மட்டும் அடம் பிடித்தால் அந்த விளக்கின் சொந்தக் கிரவுண்டைப் பாருங்கள்.

ஒரு பக்க விளக்கு மட்டும் எரியவில்லை

அமெரிக்கக் கேம்பர்களில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் பெரும்பாலும் ஒரே பல்பு, ஒரே கம்பி. ஆகவே இடது இண்டிகேட்டர் போனால் இடது பிரேக் விளக்கும் சேர்ந்து போகும். டிரக்கின் எஞ்சின் பகுதியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் டிரெய்லருக்கென்று தனி ஃபியூஸ்கள் உண்டு. பல டிரக்குகளில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி. டிரக்கின் சொந்த விளக்கு எரிகிறதே என்று இதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் பிளக்கைக் கழற்றி, டிரக் சாக்கெட்டின் முனைகளை டெஸ்ட் லைட்டால் தொட்டுப் பாருங்கள். அங்கே விளக்கு சிமிட்டினால் டிரக் சுத்தம், கேம்பருக்குப் போங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: நேருக்கு நேர் பார்க்கும்போது சாக்கெட்டின் படமும் பிளக்கின் படமும் கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாறியிருக்கும். எந்தப் பக்கத்துப் படம் என்று பார்க்காமல் சோதித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் ஏராளம்.

கம்பியின் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். கேம்பர் தயாரிப்பாளர்கள் வழக்கமாகப் பின்பற்றும் முறையில் பச்சை என்றால் பின்விளக்கு, சிவப்பு இடது, பழுப்பு வலது. சாதாரணச் சரக்கு டிரெய்லர்களின் நான்கு முனைப் பிளக்கில் பழுப்புதான் பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. கடையில் வாங்கிய பிளக்கை நிறத்துக்கு நிறம் சேர்த்தால் பிரேக் மிதிக்கும்போது ஓரத்து விளக்குகள் எரிந்து வேடிக்கை காட்டும். எந்த முனையில் எப்போது கரண்ட் வருகிறது என்று சோதித்துவிட்டுச் சேருங்கள். வெள்ளை கிரவுண்ட், நீலம் பிரேக் என்ற இரண்டு மட்டும் இரு முறையிலும் ஒன்று. அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, முன்பு வைத்திருந்தவர் என்ன செய்து வைத்தாரோ.

எல்இடி மாற்றியபின் வரும் தொல்லை தனி ரகம். புது டிரக்குகள் விளக்குக் கம்பியில் ஓடும் கரண்டை வைத்தும் பின்னால் டிரெய்லர் இருக்கிறதா என்று ஊகிக்கின்றன. எல்இடி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சில டிரக்குகள் பல்பு போய்விட்டதாகக் கருதி வேகமாகச் சிமிட்டும், சில டிரக்குகள் சோதனைத் துடிப்பு அனுப்பும்போது விளக்கு லேசாக மினுக்கும். இதற்கென்று விற்கும் லோடு ரெசிஸ்டரைப் போட்டால் அடங்கும். அது நன்றாகச் சூடாகும். உலோகச் சட்டத்தில் திருகுங்கள், பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது "டிரெய்லர் டிஸ்கனெக்டட்" என்று வந்து வந்து போகிறது

அதிகம் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். வீட்டு வாசலில் எல்லாம் சரியாக இருக்கும். 60 மைல் வேகத்தில் பாலத்தின் இணைப்பில் ஒரு குலுக்கல் விழுந்ததும் எச்சரிக்கை மணி அடிக்கும். அடுத்த நொடி மறுபடி கனெக்டட் என்று வரும்.

டிரக்கில் உள்ள பிரேக் கன்ட்ரோலர் நீலக் கம்பி வழியே கேம்பரின் பிரேக் காந்தங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தொடர் ஒரு கணம் அறுந்தாலும் கேம்பரைக் காணோம் என்று சொல்லிவிடும். அறுபடக்கூடிய இடங்களை எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கிப் பார்த்துக்கொண்டு போகலாம்.

முதலில் பிளக். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சிறு பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். பிளக்கைச் செருகி, ஒருவர் உள்ளே டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் அதை மேலும் கீழும் ஆட்டுங்கள். செய்தி வந்தால் திருடன் அகப்பட்டான். பிளக்கின் தொடுதகடுகள் நாளடைவில் தளர்ந்துவிடும். சில பிளக்குகளில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் சற்று நெம்பி இறுக்கலாம், ஆனால் அது ஊர் போய்ச் சேரும்வரைதான். புதுப் பிளக் பெரிய செலவில்லை.

இரண்டாவது, கேம்பரின் முன்பக்கச் சட்டத்தில் இருக்கும் ஜங்ஷன் பெட்டி, அல்லது பெட்டியே இல்லாமல் டேப் சுற்றிய கம்பிக் கொத்து. இழுத்துப் பாருங்கள். கையோடு வருவது ஒன்றாவது இருக்கும்.

மூன்றாவது, சக்கரங்களுக்குப் பின்னால் போகும் கம்பி. பல கேம்பர்களில் ஒரு சக்கரத்துக்குப் போகும் பிரேக் கம்பி அச்சுக் குழாய்க்குள் நுழைந்து மறுமுனையில் வெளிவருகிறது. உள்ளே அதைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. மைல் கணக்கில் குலுங்கிக் குலுங்கி மேலுறை தேய்ந்து, செம்பு குழாயில் உரசும். உரசும் கணத்தில் ஷார்ட். அப்போது கன்ட்ரோலர் ஷார்ட் அல்லது ஓவர்லோடு என்று காட்டும். டெகோன்ஷா பி3 போல வெளியே வாங்கிப் பொருத்தும் கன்ட்ரோலர்களும் இதைத் தனியாகக் காட்டும். அச்சுக்குள் போகும் கம்பியை இரு முனையிலும் கழற்றிவிட்டு, மீட்டரில் அதற்கும் அச்சுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பு துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் பழைய கம்பியை உள்ளே அப்படியே விட்டுவிட்டு, புதுக் கம்பியை அச்சுக்கு வெளியே ஓட்டி, குழல் போட்டுக் கட்டிவிடுங்கள். அசலாகவே இப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பிரேக் பிடிக்கிறது, ஆனால் கேம்பர் தள்ளிக்கொண்டு வருகிறது

முதலில் கன்ட்ரோலரின் கைநெம்பை மட்டும் அழுத்திப் பாருங்கள். கைநெம்பில் பிடித்து, காலால் மிதித்தால் பிடிக்கவில்லையென்றால் கேம்பர் பக்கம் போகவே வேண்டாம். பிரேக் மிதியிலிருந்து கன்ட்ரோலருக்குச் செய்தி வரும் கம்பி, அல்லது கன்ட்ரோலரைப் பொருத்திய கோணம், இரண்டில் ஒன்றுதான். இரண்டிலுமே பிடிக்கவில்லையென்றால் மேலே படியுங்கள்.

காந்தங்களுக்குக் கரண்ட் போகிறதா என்பது கேள்வி. இங்கே பலர் சறுக்குவது வோல்ட்டை மட்டும் பார்ப்பதில். உள்ளே நாலைந்து இழை மட்டும் மிஞ்சிய கம்பியும் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும். வேலை கொடுத்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். அதனால் ஆம்பியரைப் பாருங்கள். டிரெய்லர் அச்சும் பிரேக்கும் செய்யும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேட்டுப்படி 10 அங்குல, 12 அங்குல டிரம்களின் காந்தம் ஒவ்வொன்றும் முழு வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். சாதாரண மல்டிமீட்டரின் ஆம்பியர் வழி 10 ஆம்பியரோடு சரி. தொடராக வைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போகும். கிளாம்ப் மீட்டரை நீலக் கம்பியைச் சுற்றிப் போட்டு, கெயினை (கேம்பர் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் எண்ணை) உச்சத்தில் வைத்துக் கைநெம்பை முழுக்க அழுத்துங்கள். 12-க்கு அருகில் வந்தால் மின்பக்கம் சரி. 9 என்றால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை, 6 என்றால் இரண்டு. நான்கும் ஒரே அளவாக மங்கி 7, 8 என்று நின்றால் கம்பி மெலிதாக இருக்கிறது அல்லது கிரவுண்ட் மோசம்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வித்தை. சிறு திசைகாட்டியை டிரம்மின் பின்புறம் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் கைநெம்பை அழுத்தியதும் முள் துள்ளித் திரும்பினால் காந்தம் உயிரோடு இருக்கிறது. முள் அசையாத சக்கரத்தின் கம்பியை இரண்டு பக்கமும் கழற்றி ஓம் அளந்தால் 3.2 அளவில் வர வேண்டும். கழற்றாமல் அளந்தால் நான்கும் இணையாகச் சேர்ந்து 0.8 என்று வரும்; அதில் மீட்டர் வயரின் தடையே கால் ஓம் இருக்கும், ஒன்றும் புரியாது.

மின்பக்கம் சரி, இருந்தும் பிடி இல்லை என்றால் டிரம்முக்குள் போக வேண்டும். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். தானாகச் சரிசெய்துகொள்ளாத ரகமானால் முதல் 200 மைலிலும், அதன்பின் ஒவ்வொரு 3,000 மைலிலும் அந்த இடைவெளியை மாற்றும் நட்சத்திரச் சக்கரத்தை (சிறு பல்சக்கரம்) திருப்பி இறுக்க வேண்டும். சக்கரம் சுற்ற மறுக்கும்வரை இறுக்கி, பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்துங்கள். டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கிரீஸ் வழிந்து ஷூ நனைந்திருந்தால் ஷூவைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். பேரிங்குக்குக் கிரீஸ் ஏற்றும் துளை இருக்கிறதே என்று கிரீஸ் கன்னை வேகமாக அழுத்தியதன் விளைவாகத்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

எல்லாம் முடிந்ததும் கெயினை வைக்கும் முறை: காய்ந்த, சமமான சாலையில் 20 முதல் 25 மைல் வேகத்தில் கைநெம்பை முழுவதும் அழுத்துங்கள். கேம்பர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் கெயினைக் குறையுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் எண்தான் உங்கள் எண். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு எண், காலியாக இருந்தால் வேறு எண்.

பிரேக்அவே சுவிட்ச்

இதற்கு அறிகுறியே கிடையாது. அதனால்தான் யாரும் சோதிப்பதில்லை. கேம்பர் கழன்று ஓடினால், டிரக்கோடு கட்டிய கேபிள் சுவிட்சின் ஊசியைப் பிடுங்கி, கேம்பரின் பேட்டரியிலிருந்தே பிரேக் பிடிக்க வைக்கும் சாதனம் இது. சோதிக்கும் முன் ஏழு முனைப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் பின்வழியாகக் கன்ட்ரோலருக்குள் போகலாம். ஹிட்ச் மாட்டியபடியே ஊசியை இழுத்து, டிரக்கை மெதுவாக நகர்த்துங்கள். கேம்பர் அடம்பிடிக்க வேண்டும். தாராளமாக உருண்டு வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது சுவிட்ச் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. வணிக டிரெய்லர்களுக்கான அமெரிக்கக் கூட்டரசு விதி, இந்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்கிறது. பேட்டரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சோதனை முடிந்ததும் ஊசியை உடனே திரும்பச் செருகுங்கள். கேபிளை ஹிட்ச் பாலிலோ (கேம்பர் உட்காரும் இரும்புக் குண்டிலோ) பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டக் கூடாது, அது டிரக்கோடு தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

டிரக்கின் பின்பக்கம் அமுங்குகிறது, ஸ்டீயரிங் லேசாகிவிட்டது

இதற்குக் கடையில் கிடைக்கும் முதல் ஆலோசனை ஏர்பேக், அதாவது டிரக்கின் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப்பை. பின்பக்கம் நிமிரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்சக்கரத்திலிருந்து போன எடை திரும்பி வராது. கேம்பரின் மூக்கு ஹிட்சில் அழுத்தும்போது டிரக் பின்னச்சை மையமாக வைத்து கிணற்று ஏற்றம் போல் சாய்கிறது, முன்பக்கம் லேசாகிறது. அந்த எடையை முன்னே தள்ள எடை பகிரும் ஹிட்ச், அதாவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டும். அதை வாங்கி மாட்டினால் போதாது, அளந்து வைக்க வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம். முன்சக்கரத்துக்கு மேலே ஃபென்டர் விளிம்பின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேம்பர் இல்லாமல் 38 அங்குலம், கேம்பரை மாட்டி ஸ்பிரிங் பார்களை (எடை பகிரும் ஹிட்சில் எடையை முன்னே தள்ளும் எஃகுத் தண்டுகளை) போடாமல் 39 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஏறிய ஒரு அங்குலத்தில் எவ்வளவைத் திரும்ப இறக்க வேண்டும் என்று உங்கள் டிரக்கின் கையேடு சொல்லும். பாதி என்றால், பார்களை மாட்டியபின் 38.5 வர வேண்டும். போதவில்லையென்றால் பாரைத் தூக்கிப் பிடிக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றுங்கள் அல்லது ஹிட்ச் தலையின் சாய்வை மாற்றுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பின்சக்கரம் லேசாகி ஈரச் சாலையில் வழுக்கும். பார்களை மாட்டும்போதும் கழற்றும்போதும் டங் ஜாக்கால் (கேம்பரின் மூக்கில் உள்ள ஜாக்கியால்) டிரக்கோடு சேர்த்து மேலே தூக்கிக்கொள்ளுங்கள். இழுவிசையோடு இருக்கும் பார் தெறித்தால் முழங்கால் சில்லு போய்விடும்.

டேப் அளவு சரிதானா என்று பார்க்க எடைமேடை. நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும். மூன்று முறை ஏறுங்கள்: பார் போட்டு, பார் போடாமல், டிரக் மட்டும். மூன்றிலும் ஆட்களும் சாமான்களும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு:

டிரக் மட்டும்: முன் 3,200, பின் 2,600.
பார் இல்லாமல்: முன் 2,900, பின் 3,600, டிரெய்லர் 5,600.
பார் போட்டு: முன் 3,050, பின் 3,370, டிரெய்லர் 5,680.

டிரக் தனியாக 5,800 பவுண்டு, கேம்பர் மாட்டியதும் 6,500. வித்தியாசம் 700, அதுதான் ஹிட்ச் மேல் இறங்கும் பாரம். கேம்பரின் மொத்த எடை 5,600-ம் 700-ம் சேர்ந்து 6,300. அதில் 700 என்பது 11 சதவீதம். 10 முதல் 15-க்குள் இருப்பதால் சரி. முன்னச்சு இழந்தது 300, திரும்பி வந்தது 150, சரிபாதி. இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டையையும் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அதில் இருக்கும். ஹிட்ச் பாரம் அந்தக் கணக்கில்தான் சேரும். இழுக்கும் திறன் 11,000 பவுண்டு என்று விளம்பரம் சொன்னாலும், அரை டன் டிரக்குகள் முதலில் முட்டி நிற்பது இந்தப் பட்டையில்தான்.

கேம்பர் வாலை ஆட்டுகிறது

ஆட ஆரம்பித்த கணத்தில்: காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், கன்ட்ரோலரின் கைநெம்பை மட்டும் அழுத்துங்கள். டிரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள். கேம்பர் பின்னுக்கு இழுத்தால் வரிசை நேராகும். டிரக் முந்தி நின்றால் கேம்பர் இன்னும் சீறும்.

நிறுத்தியபின் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் ஹிட்ச் பாரம் குறைந்திருக்கும், அதைக் குறைத்தது நாமாகவே இருப்போம். பின்பம்பரில் சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டுவது பிரபலமான மாற்றம். மேலே சொன்ன அதே கேம்பரில் அச்சுகளுக்கு 12 அடி பின்னால் 150 பவுண்டு ஏற்றினால், அச்சுகளுக்கு 16 அடி முன்னால் இருக்கும் ஹிட்சிலிருந்து சுமார் 112 பவுண்டு கழியும். 700 இருந்தது 588 ஆகிவிட்டது, கேம்பரோ 6,450 ஆகிவிட்டது. 9 சதவீதம். இரண்டே சைக்கிளும் ஒரு இரும்புச் சட்டமும் போதும். நல்ல தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். ஒரு காலன் 8.3 பவுண்டு, 40 காலன் 330 பவுண்டுக்கு மேல். சாமானை முன்னே நகர்த்துங்கள், சைக்கிளை டிரக்குக்குள் போடுங்கள். ஆட்டத்தை அடக்கும் ஸ்வே பாரை இறுக்குவது அதற்கு அப்புறம். உராய்வில் இயங்கும் ஸ்வே பாருக்குச் சத்தம் வருகிறதென்று கிரீஸ் தடவினால் அதன் தொழிலையே பிடுங்கியதாகும்.

டயரையும் பாருங்கள். டிரெய்லருக்கென்றே செய்த எஸ்டி டயர்களுக்குக் குளிர்ந்த நிலையில் கேம்பரின் பட்டையில் எழுதிய அழுத்தம் குறையக் கூடாது. அவற்றில் பல 65 மைல் வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை. கலிஃபோர்னியாவில் இழுத்துச் செல்லும் வண்டிக்குச் சட்டப்படியே 55 மைல்தான் உச்சம்.

லொடலொட, கடக் முடக்

நின்று கிளம்பும்போது ஒரே ஒரு "டங்" என்றால் ரிசீவருக்கும் (டிரக்கின் பின்னால் உள்ள சதுரக் குழாய்) அதற்குள் செருகும் ஹிட்சின் ஷாங்குக்கும் இடையே உள்ள இடைவெளி. இரண்டரை அங்குல ரிசீவரில் உறை போட்டு இரண்டு அங்குல ஹிட்சை மாட்டியவர்களுக்கு இது நிச்சயம் உண்டு. இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போடலாம். ஆனால் அதற்கு முன் ஹிட்ச் பாலின் நட் தளரவில்லை என்று டார்க் ரெஞ்சால் உறுதி செய்யுங்கள்.

கேம்பரின் மூக்கில் உள்ள கப்ளருக்கும் அது கவ்வும் ஹிட்ச் பாலுக்கும் அளவு பொருந்துகிறதா என்பது சத்தத்தைவிடப் பெரிய விஷயம். 2 5/16 அங்குலக் கப்ளர் இரண்டு அங்குலப் பாலில் உட்கார்ந்து, பூட்டிக்கொண்டதுபோல நடிக்கும். பள்ளத்தில் விழுந்தால் கழன்று வரும். எப்போது மாட்டினாலும் கப்ளரைப் பூட்டியபின் டங் ஜாக்கைச் சில சுற்றுத் திருப்பி உயர்த்துங்கள். டிரக்கின் பின்பக்கம் கூடவே எழும்ப வேண்டும். கப்ளர் மட்டும் எழுந்து வந்தால் பூட்டவில்லை.

ஓடி வந்தபின்னும் கேம்பர் பேட்டரி காலி

மாட்டிய நிலையில், எஞ்சின் நிற்கும்போது கேம்பர் பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். எஞ்சினைக் கிளப்பி மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் டிரக்கின் சார்ஜ் ஃபியூஸ், ரிலே, கேம்பர் பேட்டரிக்கு அருகில் உள்ள பிரேக்கர் மூன்றையும் பாருங்கள். சில பழைய டிரக்குகளில் அந்த ஃபியூஸும் ரிலேயும் பொருத்தப்படாமலே கையுறைப் பெட்டியில் ஒரு பொட்டலமாகத் தூங்கும். வெறும் சாக்கெட்டில் அளந்துவிட்டுக் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பல புது டிரக்குகள் டிரெய்லரைக் கண்டால்தான் அந்த முனைக்குக் கரண்ட் விடும்.

வோல்ட் ஏறுகிறது, இருந்தும் காலி என்றால் யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். எரிவாயு ரக ஃபிரிட்ஜை 12 வோல்ட்டில் ஓட்டினால் அது ஒன்றே 15 ஆம்பியர் அளவில் இழுக்கும். மெல்லிய சார்ஜ் கம்பி வழியே வருவது அதற்கே சரியாகப் போகும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் டிசி-டிசி சார்ஜர் (டிரக்கின் கரண்டை அந்தப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றும் கருவி) போடுவார்கள். 20 ஆம்பியர் சார்ஜர் 14.4 வோல்ட்டில் 288 வாட் கொடுக்க, இழப்பையும் சேர்த்தால் டிரக்கிலிருந்து 26, 27 ஆம்பியர் இழுக்கும். ஏழு முனைப் பிளக்கின் ஃபியூஸ் வழக்கமாக 30. ஆகவே 20 மட்டுமட்டு. 40 ஆம்பியர் சார்ஜரை அதே பிளக்கில் தொங்கவிட்டால் ஃபியூஸ் வாங்கியே ஓய்ந்துபோவீர்கள். அதற்கு டிரக் பேட்டரியிலிருந்து தனித் தடிமனான கம்பி, பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ்.

பின் கேமரா பகலில் வேலை செய்யவில்லை

பல கேம்பர்களில் கேமராவுக்கான கம்பி ஓரத்து விளக்கின் கம்பியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். டிரக்கின் ஹெட்லைட்டைப் போடுங்கள், படம் வரும்.

எதை மாற்றினாலும் முதல் ஓட்டம்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஹிட்சையும் பிரேக்கையும் டயரையும் ஒரே சனிக்கிழமை மாற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கேம்பர் ஆடினால் யாரைக் கேட்பது? காலியான வாகன நிறுத்தத்தில் இருபுறமும் முழுமையாக ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்புங்கள். ஒருவர் வெளியே நின்று கேபிள் இறுகுகிறதா, சங்கிலி தரையில் உரசுகிறதா, ஸ்பிரிங் பார் எதையாவது தொடுகிறதா என்று பார்க்கட்டும். பிறகு 25 மைல் வேகத்தில் பிரேக். பிறகு பத்து மைல் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) சூட்டையும் அளந்து பாருங்கள். மூன்று ஒரே அளவில் இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் இல்லை. சக்கரம் எதையாவது கழற்றி மாட்டியிருந்தால் 10, 25, 50 மைலில் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள்.